எதிர்கொள்ளாத அணிகள்: வலிமையை ஒப்பிடுதலின் அறம்

ஒப்பிடுதலின்றி மதிப்பீடு இல்லை. ஒரு மரம் உயர்ந்தது என்பதும் ஒரு சுமை பாரமானது என்பதும் பிறிதொன்றை உளத்திற்கொண்டு கூறப்படுவனவே. உயரத்தையும் நிறையையும் அளப்பதற்கு யாவர்க்கும் பொதுவான அளவுகோல்கள் உண்டு. மனிதக் கூட்டங்களின் வலிமையை அளப்பதற்கு அத்தகைய கோல் எதுவுமில்லை. இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று எதிர்கொள்ளும்போதே எது வலியது என்பது ஓரளவேனும் புலனாகின்றது. எதிர்கொள்ளாத கூட்டங்களை ஒப்பிடவேண்டிய கட்டாயம் நேரும்போது மனிதர் எதனை ஆதாரமாகக் கொள்கின்றனர்? அவ்வாதாரம் பிழைத்தால் அதன் விலையைச் செலுத்துவோர் யாவர்? முதலாவது அளவை பற்றிய வினா. இரண்டாவது அறம் பற்றிய வினா. இவை இரண்டும் ஒன்றினின்று ஒன்று பிரிக்கவொண்ணாதன.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல் என்னும் பெயருடையது. மேற்கொள்ளும் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றானின் வலிமை, இருசாரார்க்கும் துணைநிற்போரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிச் செயற்படுமாறு வள்ளுவர் அரசனுக்கு அறிவுறுத்துகின்றார். வலிமை என்பது ஒருவனிடத்துத் தனித்து நிற்கும் பொருளன்று, எதிரியையும் துணையையும் சார்ந்து நிற்பது என்னும் தெளிவு இவ்வகுப்பில் அடங்கியுள்ளது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அரசன் வலியறிவது தன் செயலின் பொருட்டு. அவன் தவறாகக் கணித்தால் தோல்வி அவனையே சாரும். நடுவர், தேர்வாளர், அதிகாரி ஆகியோர் வலியறிவதோ பிறர்பொருட்டு. அவர்தம் கணிப்புத் தவறினால் நட்டமடைவோர் வேறு சிலர். தன் செயலுக்காகக் கணிப்பவனுக்கு விவேகம் போதும். பிறரின் வாய்ப்பை முடிவுசெய்பவனுக்கு நீதியும் வேண்டும்.

இவ்வினா பெருநூல்களில் மட்டும் எழுவதன்று. சாவகச்சேரி போன்ற ஒரு நகரின் விளையாட்டு மைதானத்திலும் எழுவதே. தென்மராட்சியின் நடுநாயகமான இந்நகரினூடாகக் கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் செல்கின்றன. பலாவும் மாவும் தெங்கும் செறிந்த சுற்றூர்களின் விளைபொருள்கள் இதன் சந்தையை வந்தடைகின்றன. சாவகச்சேரி இந்துக் கல்லூரியும் டிறிபேர்க் கல்லூரியும் இங்குள்ளன. இவ்விரு கல்லூரிகளின் அணிகள் எதிரெதிர் நிற்கும் நாளில் எது வலியது என்பதை அந்திக்குள் ஊர் அறிந்துவிடும். ஒப்பிடுதலுக்கு அங்கே தத்துவம் வேண்டுவதில்லை; ஒரு பந்தும் ஒரு நடுவரும் போதும்.

மேற்கே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாண நகரத்தை அடைந்தால் நிலைமை வேறாகின்றது. அங்கே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கி, 'வடக்கின் பெரும் போர்' எனப் பெயர் பெற்றுள்ளது. சம்பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 'பொன் அணிகளின் போர்' என வழங்கும். இத்தகைய போட்டிகள் பழைய மாணவரின் பெருமிதத்தையும் பத்திரிகைகளின் கவனத்தையும் பெற்றவை. ஆயின் அவற்றின் முடிவு சொல்வது ஒன்றே: அவ்விரு அணிகளுள் அவ்வாண்டில் வென்றது எது என்பதே அது. களத்திற்கு வராத மூன்றாம் அணியைப் பற்றி அம்முடிவு எதுவும் சொல்வதில்லை. இருந்தும், புகழ்பெற்ற போட்டியில் ஆடும் அணியை வலிய அணி என்றும், புகழற்ற போட்டியில் ஆடும் அணியை மெலிய அணி என்றும் கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. புகழ் நெடுங்காலத்தில் திரள்வது. வலிமை ஆண்டுதோறும் மாறுவது. ஒன்றை மற்றொன்றின் சான்றாகக் கொள்வது முதலாவது வழு.

யாழ்ப்பாண மாவட்டத்தின் பாடசாலைகள் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்களாக வகுக்கப்பட்டுள்ளன. வலயத்தில் முன்னிலை பெறுவோர் மாகாணப் போட்டிக்கும், அங்கு முன்னிலை பெறுவோர் அகில இலங்கைப் போட்டிக்கும் செல்வது வழக்கம். இவ்வமைப்பினுள் ஓர் இடர்ப்பாடு மறைந்துள்ளது. ஒரு வலயத்தில் முதலிடம் பெற்ற அணியைக் காட்டிலும் வேறொரு வலயத்தில் தோற்ற அணி ஆற்றல் மிக்கதாக இருத்தல் கூடும். அவ்வாறாயின் மெலிய வலயத்தின் முதல்வருக்கு இடமளிப்பது நீதியா? வலிய வலயத்திலே தோற்றவருக்கு இடமளிப்பது நீதியா? இவ்விடத்திற் பலர் விரைந்து விடை கூறுவர். எது வலிய வலயம், எது மெலிய வலயம் என்பது அணிகள் சந்திப்பதற்கு முன்னரே எவ்வாறு அறியப்பட்டது என்று கேட்போர் சிலரே.

இச்சிக்கலைப் பெரிய அளவிற் கையாண்டு பார்த்த நாடு ஐக்கிய அமெரிக்கா எனலாம். 1891இல் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டம் அங்குள்ள பல்கலைக்கழகங்களிடையே பெருவளர்ச்சி கண்டது. முதற்பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட ஆடவர் அணிகள் உள்ளன. அவை யாவும் ஒன்றோடொன்று ஆடுதல் இயலாது. எனவே 'கொன்பரன்ஸ்' எனப்படும் முப்பதுக்கு மேற்பட்ட குழுமங்களாகப் பிரிந்து, பருவத்தின் தொடக்கத்திற் பிற குழுமத்தாரோடு சில ஆட்டங்களையும், பின்னர்ப் பெரும்பாலும் தம் குழுமத்தினுள்ளேயும் ஆடுகின்றன. மார்ச் மாதத்தில் 68 அணிகள் நாடளாவிய சுற்றுப்போட்டிக்குத் தெரிவாகின்றன. ஒவ்வொரு குழுமத்திற்கும் ஓரிடம் உரித்தாக வழங்கப்படும். எஞ்சிய இடங்களுக்குத் தக்க அணிகளை, குழுமத்தைப் பாராது, ஒரு தெரிவுக்குழு தேர்ந்தெடுக்கும். முதலாவது வாயில் பிரதிநிதித்துவத்தின் வாயில். இரண்டாவது திறமையின் வாயில்.

இரண்டாவது வாயிலின் பொருட்டு அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. 1981 முதல் பல்லாண்டுகள் பயன்பட்ட ஒரு சுட்டெண் பின்வருமாறு கணிக்கப்பட்டது: அணியின் சொந்த வெற்றி வீதத்திற்கு நூற்றுக்கு 25 பங்கு, அதனை எதிர்த்தாடியோரின் வெற்றி வீதத்திற்கு 50 பங்கு, அவ்வெதிரிகளின் எதிரிகளது வெற்றி வீதத்திற்கு 25 பங்கு. ஓர் அணியின் தகுதியில் முக்காற்பங்கு அதன் கையில் இல்லை, அது யாரோடு ஆடியது என்பதிலேயே உள்ளது எனக் கொண்ட அளவை அது. மெலியோரை நூறு முறை வெல்வது வலியோனை ஒருமுறை வெல்வதற்கு ஈடாகாது என்னும் பொதுவறிவே அங்கு எண்ணுருப் பெற்றது. 2018இல் அதனிடத்தை மேலும் நுணுக்கமான வேறோர் அளவை பெற்றது.

இத்தகைய அளவைகள் யாவும் ஒரு சங்கிலியையே நம்பியுள்ளன. முதலாம் அணி இரண்டாவதை வென்றது. இரண்டாவது மூன்றாவதை வென்றது. ஆகவே முதலாவது மூன்றாவதினும் வலியது என்பது அச்சங்கிலி. கண்ணிகள் பலவாயின் முடிவு உறுதிப்படும். ஆனால் ஒரு குழுமம் தன்னுள்ளேயே ஆடிக்கொண்டிருப்பின் கண்ணி அறுந்துவிடும். உள்ளே ஓர் அணி வென்றால் மற்றோர் அணி தோற்றேயாக வேண்டும். எனவே குழுமத்தின் மொத்த வெற்றியும் மொத்தத் தோல்வியும் எப்போதும் சமமாகவே அமையும். உலகின் தலைசிறந்த பத்து அணிகளைக் கொண்ட குழுமமும் கடைப்பட்ட பத்து அணிகளைக் கொண்ட குழுமமும் உள்ளாட்டக் கணக்கில் ஒரே தோற்றமுடையன. ஆகவே இரு குழுமங்களை ஒப்பிட உதவுவன அவற்றிடையே நடந்த ஒருசில ஆட்டங்களே. அவையும் இல்லாவிடின் அளவைக்குரிய இடத்தில் ஊகம் வந்து அமர்ந்துவிடும். ஊகம் பெரும்பாலும் பழம்புகழின் பக்கமே சாயும்.

2006இல் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழக அணி திறமையின் வாயிலால் உள்ளே அனுமதிக்கப்பட்டது. புகழ் குறைந்த குழுமத்தைச் சேர்ந்த அவ்வணிக்கு இடம் வழங்கியது தவறென அன்று கண்டனம் எழுந்தது. அவ்வணியோ மிச்சிகன் ஸ்டேட், வட கரோலைனா, கனெக்ரிகட் முதலிய பேரணிகளை வென்று இறுதி நால்வருள் ஒன்றாயிற்று. 2018 வரை, முதற்றர வரிசை பெற்ற அணிகள் பதினாறாந்தர வரிசை பெற்ற அணிகளை ஆடவர் போட்டியில் எதிர்கொண்ட 135 ஆட்டங்களிலும் வென்றிருந்தன. அவ்வாண்டில், சிறு குழுமமொன்றின் வெற்றியாளர் என்ற உரித்தால் மட்டுமே உள்ளே வந்த மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் போல்ற்றிமோர் கவுன்ரி அணி, நாட்டின் முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்த வேர்ஜினியாவை 74க்கு 54 எனத் தோற்கடித்தது. ஒரு விதிவிலக்கு விதியைப் பொய்யாக்காது என்பது உண்மையே. 135 ஆட்டங்களின் சான்றை ஓர் ஆட்டம் அழித்துவிடாது. எனினும் ஒன்றை அது நிறுவிற்று. குழுமத்தின் வலிமை என்பது பலவற்றின் சராசரி. எந்தவோர் அணியும் சராசரியாக ஆடுவதில்லை.

இவ்வுண்மைக்குச் சான்று தேட யாழ்ப்பாணத்தார் கடல் கடக்க வேண்டியதில்லை. இம்மண்ணிலிருந்து சென்ற தர்ஜினி சிவலிங்கம் இலங்கையின் வலைப்பந்தாட்ட அணிக்கு ஆடியவர். 2018இல் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. அடுத்த ஆண்டு, 2019இல், உலகக் கிண்ணப் போட்டியில் அதே நாட்டின் அணி பதினாறு அணிகளுள் பதினைந்தாம் இடத்தையே பெற்றது. ஆசியா என்னும் குழுமத்தில் முதலிடம், உலகம் என்னும் களத்தில் ஏறத்தாழக் கடைசியிடம். ஆனால் அவ்வுலகப் போட்டியில் ஆகக்கூடிய கோல்களை இட்டவர் யார் என்று பார்த்தால், அவர் அப்பதினைந்தாம் அணியின் தர்ஜினியே. அணியின் தரவரிசையைக் கொண்டு அவரை மதித்திருப்பின் அம்மதிப்பு எத்துணைப் பிழைபட்டிருக்கும்! கூட்டத்தின் வலிமை பற்றிய கூற்று, அது மெய்யாயினும், அக்கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினர் பற்றிய கூற்றாக மாறிவிடாது.

விளையாட்டில் இப்பிழை ஒரு பருவத்தின் மனவருத்தத்தோடு முடியும். கல்வியில் அது ஒருவரின் வாழ்நாளைத் தீர்மானிக்கும். ஈழத்தமிழரின் அண்மைக்கால வரலாற்றில் ஆறாத புண்ணாக நின்ற பல்கலைக்கழக அனுமதிப் பிரச்சினை, அடிப்படையில், எதிர்கொள்ளாத குழுமங்களின் வலிமையை ஒப்பிடும் பிரச்சினையே. சிங்களத்திலும் தமிழிலும் தேர்வெழுதிய மாணவர் வெவ்வேறு மொழியில் விடையெழுதினர். 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவபீடத்திற்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் முறைப்படி புகுத்தப்பட்டது. இருமொழியினரின் புள்ளிகளும் ஒரே இடையும் ஒரே பரம்பலும் உடையனவாகும்படி மாற்றப்பட்டன. இரு குழுக்களும் ஆற்றலில் சமமானவை என்னும் எடுகோளின்றி இம்மாற்றம் பொருளற்றது. அவ்வெடுகோள் மெய்யென எவரும் நிறுவியதில்லை. நிறுவப்படாத எடுகோளின் விலையை 229க்கும் 250க்கும் இடையில் நின்ற தமிழ் மாணவர் செலுத்தினர். தாய்மொழி ஒருவர் உழைத்துப் பெறுவதுமன்று, விரும்பி மாற்றக்கூடியதுமன்று. அதனைக் குழுமத்தின் எல்லையாகக் கொண்டமையே அநீதியைக் கூர்மையாக்கிற்று.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை அதே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது. மொழிவாரித் தரப்படுத்தல் 1970களின் பிற்பகுதியிற் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு விகிதங்கள் மாறித் தொடர்ந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கு இன்று இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தின் இரு வாயில்களையும் இங்குக் காணலாம். ஆய்வுகூடமும் ஆசிரியரும் அற்ற பாடசாலையிற் படித்து ஒருவர் பெறும் புள்ளியும், எல்லா வசதியும் வாய்ந்த பாடசாலையிற் படித்து ஒருவர் பெறும் அதே புள்ளியும் ஒரே ஆற்றலைக் குறிப்பனவல்ல என்னும் நியாயம் மாவட்ட ஒதுக்கீட்டின் பின்னுள்ளது. அந்நியாயத்தை மறுத்தல் அரிது. யாழ்ப்பாணத்தார் அதனைத் தமக்கு எதிரானதாக மட்டும் நோக்குவராயின் மன்னார், முல்லைத்தீவு ஆகிய இடங்களின் தமிழ்ப் பிள்ளைகளை மறந்தவராவர்.

ஆயினும் எல்லைக்கோடு என்பது எப்போதும் பருமட்டான கருவியே. 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கண்டி வீதியில் சாவகச்சேரியிலிருந்து கிழக்கே செல்வோர் கொடிகாமம், மிருசுவில் ஆகியவற்றைக் கடந்து எழுதுமட்டுவாளை அடைவர். அது யாழ்ப்பாண மாவட்டம். அதனை அடுத்துள்ள முகமாலை கிளிநொச்சி மாவட்டம். இரு ஊர்களின் மண்ணும் ஒன்று. வறுமையும் போரின் வடுவும் ஒன்று. ஆனால் எழுதுமட்டுவாளுக்கு அண்மையிற் படிக்கும் மாணவர், மாவட்டக் கணக்கில், யாழ்ப்பாண நகரத்துப் பெருங்கல்லூரிகளின் மாணவரோடு போட்டியிடுவர். எல்லைக்கு அப்பாலுள்ளவர் வேறொரு குழுமத்தில் ஆடுவர். மெலியோருக்கு உதவ வரையப்பட்ட கோடு, வலியோர் எனப் பெயரிடப்பட்ட குழுமத்தினுள் வாழும் மெலியோரைக் காண்பதில்லை.

கணிதம் இவ்விடரிலிருந்து விடுதலை தருமா? 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் மாணவரின் புள்ளி அப்பாடத்தின் இடையிலிருந்து எத்தனை நியமவிலகல் தொலைவில் உள்ளது என்பதைக் கணித்து, பாடங்களின் சராசரியைக் காண்பது அது. கடினமான பாடமும் இலகுவான பாடமும் இதனால் ஒப்பிடத்தக்கன ஆகின்றன. ஆனால் வெவ்வேறு பாடங்களை எடுத்த குழுக்கள் ஆற்றலில் ஒத்தவை என்னும் எடுகோள் இங்கும் ஒளிந்துள்ளது. 2011ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதினர். இரு சாராரையும் ஒரே தொகுதியாகக் கலந்து இசட் புள்ளி கணிக்கப்பட்டபோது வழக்கெழுந்தது. 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளி, இரு தொகுதிகளையும் வேறுவேறாகக் கணிக்குமாறு பணித்தது. கணக்கு எத்துணை நுட்பமானதாயினும் அது தொடங்கும் இடம் மனிதரின் தீர்மானமே. யார் யாரோடு ஒரே தொகுதி என்பதைக் கணக்கு சொல்வதில்லை, கணக்கிற்குச் சொல்லப்படுகின்றது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஒருசாரார் ஒப்பிடுதலே வேண்டாம் என முடிவு கட்டலாம். அது பொறுப்பைத் துறப்பதாகும். இடங்கள் சிலவாகவும் விழைவோர் பலராகவும் உள்ளவரை எவரேனும் ஒப்பிட்டே தீருவர்; மறைவில் ஒப்பிடுவதினும் வெளிப்படையாக ஒப்பிடுவது மேல். மற்றொரு சாரார் திறமை ஒன்றையே வாயிலாகக் கொள்க என்பர். அவர் திறமை எனக் கொள்வது, சந்திப்புகள் நிகழாதவிடத்து, பெரும்பாலும் வாய்ப்பின் நிழலே. வலியோரோடு ஆடாதவர் வலியர் எனக் காட்டல் இயலாது; வலியர் எனக் காட்டாதவருக்கு வலியோரோடு ஆட இடம் கிடையாது. இவ்வட்டத்தை உடைப்பதற்கே ஒவ்வொரு குழுமத்துக்கும் ஓரிடம் வேண்டியுள்ளது. வேறொரு சாரார் ஒதுக்கீடு ஒன்றே போதும் என்பர். அது வலிய குழுமத்தில் இரண்டாமவராய்ப் பிறந்த குற்றத்திற்கு ஒருவரைத் தண்டிக்கும். ஆகவே இரு வாயில்களும் வேண்டும். அவற்றின் அகலம் எவ்வளவு என்பதும், அவை எந்த எடுகோளின்மீது நிற்கின்றன என்பதும் போட்டிக்கு முன்னரே அனைவர்க்கும் அறிவிக்கப்படல் வேண்டும். எடுகோளின் விலை எப்போதும் ஒரே சாராரின் தலையிலேயே விழுமாயின் அது அளவை அன்று; ஆதிக்கம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, சந்திப்புகளைப் பெருக்குதலாகும். ஊகம் வளர்வது சந்திப்பில்லாத இடத்திலேதான். தென்மராட்சியின் வரலாறே இதற்கு ஒரு துயரமான சான்று தருகின்றது. 1995இன் பிற்பகுதியிற் போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தனர். நகரத்துப் பிள்ளைகளும் தென்மராட்சிப் பிள்ளைகளும் அந்நாட்களில் ஒரே ஊர்களில், ஒரே நெருக்கடியில் வாழ்ந்தனர். பெரிய கல்லூரி, சிறிய கல்லூரி என்னும் எல்லையைப் போர் ஒருகாலத்துக்கேனும் அழித்தது. ஐந்தாண்டுகளின் பின், 2000இல், சாவகச்சேரி நகரமே போரில் இடிபாடாயிற்று, அம்மக்களும் பெயர்ந்தனர். இடிந்த பாடசாலையிலிருந்து மீண்டெழுந்த ஓர் அணி தன் முதலாவது ஆட்டத்தில் தோற்றிருப்பின், அத்தோல்வி எதனை அளந்தது? அவ்வணியின் ஆற்றலையா? அது கடந்துவந்த ஆண்டுகளையா? புள்ளிப்பலகை இரண்டையும் ஒரே எண்ணாகவே எழுதும். அவ்வெண்ணைப் படிப்பவரே அவற்றைப் பிரித்தறிய வேண்டியவர்.

போர் கட்டாயத்தால் நிகழ்த்திய சந்திப்பை அமைதிக்காலம் விருப்பத்தோடு நிகழ்த்துதல் தகும். நாவற்குழிப் பாலம் இரு திசைகளிலும் கடக்கத்தக்கது. நகரத்து அணி சாவகச்சேரிக்கு வந்து ஆடுவதும் சாவகச்சேரி அணி நகரத்திற்குச் சென்று ஆடுவதும் ஒத்த எண்ணிக்கையில் நிகழுமாயின், வலயங்களின் வலிமை பற்றிய வாதங்களில் அரைப்பங்கு தாமே அடங்கும். எஞ்சிய அரைப்பங்கும் அடங்காது, அடங்கவேண்டியதுமில்லை. ஒரு கூட்டத்தின் வலிமை அதன் உறுப்பினர் எவருக்கும் முழுப் பெருமையாகவோ முழுக் குறையாகவோ ஆகாது என்பதை நினைவிற்கொண்டு வாதிடுவோர் இருக்கும்வரை அவ்வாதம் நன்மையே பயக்கும்.